ஆஃப் மெசேஜ் எங்கே போனது? சீரியல் இன்டரப்டில் நாம் செய்யும் தவறுகள்

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டம். போர்வெல் மோட்டாரை எஸ்எம்எஸ்ஸில் ஓட்ட நான் ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தேன். உள்ளே எஸ்எம்எஸ் வாங்கும் ஜிஎஸ்எம் மாடியூல், அதைப் படித்து மோட்டாரை ஓட்டும் அட்மெகா 328பி சிப். இரண்டும் சீரியல் கம்பியில், பிட் பிட்டாக, 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் பேசிக்கொள்ளும். ஒருநாள் காலையில் போன்: "தம்பி, ராத்திரியே ஆஃப் அனுப்பிட்டேன். மோட்டார் விடிய விடிய ஓடியிருக்கு."

மாடியூலைத் திட்டிக்கொண்டே மாற்றினேன். இரண்டே நாளில் மறுபடியும் அதே கதை. தப்பு என் புரோகிராமில்.

அங்கே டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். கிடைத்ததும் தேங்கிய மெசேஜ்கள் அடுத்தடுத்து வந்து விழும். ஆன் வந்தால் ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனை அழுத்திப் பிடிப்பதுபோல ரிலேயை வைத்திருக்க 3 நொடி டிலே போட்டிருந்தேன், அதுவரை புரோகிராம் வேறெதுவும் செய்யாமல் காத்திருக்கும். அந்த 3 நொடிக்குள் ஒரு ரீசார்ஜ் விளம்பரம் வந்தது, அதன் பின்னாலேயே ஆஃப். நான் புரோகிராம் எழுதியது ஆர்டுயினோவில். வந்த பைட்டுகளை நாம் படிக்கும்வரை வைத்திருக்கும் அதன் சீரியல் பஃபர் இந்தச் சிப்பில் 64 பைட். அதிலும் ஓர் இடம் காலியாகவே இருக்கும் என்பதால் 63தான் பிடிக்கும். விளம்பரமே அதை நிரப்பிவிட்டது. அப்புறம் வந்த பைட்டுகளை ஆர்டுயினோவின் சீரியல் லைப்ரரி சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது.

பஃபரைப் பெரிதாக்கினால் போதாதா? போதாது. ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டும் சேர்த்து 10 பிட். அதனால் 9600 பாடில் நொடிக்கு 960 பைட் வரலாம், 3 நொடிக்கு 2880. இந்தச் சிப்பின் மொத்த ராமே 2048 பைட்தான். டிலேயை எடுத்துவிட்டு, மில்லிஸ் என்ற மில்லிநொடிக் கணக்கைப் பார்த்து ரிலேயை விடுவித்து, லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் முக்கிய புரோகிராம்) ஒவ்வொரு சுற்றிலும் பஃபரைப் படித்துக் காலி செய்ததும் சரியானது.

பைட் வந்ததும் சிப் கைவேலையை நிறுத்திவிட்டு ஒரு சிறு புரோகிராமுக்குத் தாவும். அந்தத் தாவல்தான் இன்டரப்ட், அந்தச் சிறு புரோகிராம் இன்டரப்ட் ரொட்டீன். லைப்ரரியை விட்டு அதை நாமே எழுதும்போது வேறு வம்பு. சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் டோக்கன் கொடுத்து லாரியை உள்ளே விட வேண்டும், அவ்வளவுதான். அவரே எடை போட்டு, காயும் பார்க்க ஆரம்பித்தால் வரிசை ரோட்டில் நிற்கும். 328பியின் வாசலில் இரண்டு பைட் நிற்கலாம், மூன்றாவது உள்ளே வந்துகொண்டிருக்கலாம். 115200 பாடில் ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோநொடி. கால் மில்லிநொடி தாமதித்தாலே பைட் தொலையும். அதனால் ரொட்டீனுக்குள் பைட்டை எடுத்து பஃபரில் போடு, வெளியே வா. சீரியல் பிரின்ட், எல்சிடி, மெசேஜைப் பிரித்துப் பார்ப்பது எதுவும் அங்கே வேண்டாம். டிலே போட்டால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும்வரை டைமர் இன்டரப்டே ஓடாது, டிலே முடியாமல் தொங்கும்.

பைட்டை எடுப்பதிலும் வரிசை உண்டு. ரிஜிஸ்டர் என்பது சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம். பிழை பிட்டுகள் உள்ள ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை முதலில் படியுங்கள், அப்புறம்தான் பைட் இருக்கும் டேட்டா ரிஜிஸ்டர். மாற்றிப் படித்தால் அந்தப் பைட்டின் பிழைத் தகவல் போய்விடும். எஸ்டிஎம்32 என்ற வேறு வகைச் சிப்பில், பைட் தொலைந்ததைச் சொல்லும் ஓவர்ரன் கொடியை (ஒரு பிழை பிட்) அழிக்க மறந்தால், அதே இன்டரப்டுக்குள் திரும்பத் திரும்பப் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

ரொட்டீனும் லூப்பும் பகிர்கிற மாறிகளுக்கு வாலட்டைல் (எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) போடாவிட்டால், கம்பைலர் பழைய மதிப்பையே வைத்துக்கொண்டு லூப்பைச் சுற்றவிடும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. 328பி போன்ற 8 பிட் சிப்பில், பஃபரில் எந்த இடம் என்று சொல்லும் 16 பிட் இன்டெக்ஸை இரண்டு தடவையாகத்தான் படிக்க முடியும். 255 பாதி படித்திருக்கும்போது இன்டரப்ட் வந்து 256 ஆக்கினால், உங்கள் கைக்கு 511 வரலாம், 0 வரலாம். மாதத்துக்கு ஒருமுறை வந்து உயிரை வாங்கும் பிழை இது. இன்டெக்ஸை ஒரே பைட்டில் வையுங்கள். முடியாவிட்டால் படிக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்துங்கள்.

சாதாரணப் பின்னில் புரோகிராமே பிட் பிட்டாகப் படிக்கும் சாஃப்ட்வேர் சீரியலை நான் இப்போது தொடுவதில்லை. 9600 பாடில் ஒரு பைட் வாங்க அது ஏறத்தாழ 1 மில்லிநொடி மற்ற இன்டரப்டுகளை அடைத்துவிடும்.

பாலக்கோடு பெட்டியில் இப்போது என் சொந்த ரொட்டீன். பஃபர் நிரம்பிப் பைட் தொலைந்தால் ஒரு கவுன்டர் ஏறும், மோட்டார் நிலவரம் கேட்டால் பதிலோடு அந்த எண்ணும் வரும். தோட்டக்காரர் அதைப் பார்ப்பதேயில்லை, நான்தான் அவ்வப்போது கேட்டுப் பார்க்கிறேன். போன வாரம் வரை பூஜ்யம்.