சொந்தப் போத்தலோடு வரும் வாடிக்கையாளரை உருவாக்குவது எப்படி

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு பலசரக்குக் கடை பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தால் ஊரில் நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அதைப் பார்த்து யாரும் பொலித்தீனை விட்டுவிடப் போவதில்லை. சமூகப் பொறுப்புப் பணி மக்கள் வாங்கும் பழக்கத்தை மாற்ற வேண்டுமென்றால், அது விற்கிற சாமானிலேயே தெரிய வேண்டும்.

சட்டம் சொல்வதைச் சேவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீட் இலங்கையில் 2017 செப்டெம்பரிலிருந்தே தடை. கைபிடி வைத்த சொப்பிங் பேக்கை 2025 நவம்பர் 1 முதல் இலவசமாகக் கொடுக்க முடியாது, அதன் விலை பில்லில் விழ வேண்டும். இவற்றை "எங்கள் பசுமைச் சேவை" என்று பலகையில் எழுதினால், விஷயம் தெரிந்தவர் அதற்குப் பிறகு நீங்கள் உண்மையாகச் செய்வதையும் நம்பமாட்டார்.

சட்டம் கேட்காத ஒரேயொரு வேலையை எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சொந்தப் போத்தலில் நிரப்பிக் கொடுப்பது நல்ல தொடக்கம். பெரிய கேனில் தந்து, வெறும் கேனைத் திருப்பி எடுக்கும் விநியோகஸ்தரைப் பிடியுங்கள். கேன் குப்பைக்குத்தான் போகுமென்றால் பாதிப் பயன் போச்சு.

நிரப்பும்போது கவனம் தேவை. போத்தலில் தண்ணீர் நின்றால் திரவம் நீர்த்து, சில நாளில் நாற்றமெடுக்கும், பழி கடைக்குத்தான். ஆகவே வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், ஈரமென்றால் காய்ந்த மாற்றுப் போத்தல் கொடுங்கள். சோடா, தண்ணீர்ப் போத்தல்களை வாங்கவே வேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடும். வெறும் போத்தலைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கிய பிறகு, சரித்துப் பிடித்து மெதுவாக நிரப்புங்கள். நேரே ஊற்றினால் நுரை பொங்கி, நிறைந்தது போலத் தெரியும். கிராமுக்குத்தான் காசு, தராசின் எண் வாடிக்கையாளர் பக்கம் தெரிய வேண்டும். கேனின் தொகுதி (batch) இலக்கமும் நிரப்பிய திகதியும் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுங்கள்.

விலை, பொதி செய்ததைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி குறைவாக இருக்கட்டும். வெயிலில் போத்தலைச் சுமந்து வருபவரிடம் கூடுதலாக வாங்கினால், பசுமை என்பது காசுக்காரர் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுவார்.

பலகையில் என்ன எழுதுவது? அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்தது இங்கே பலருக்கும் தெரியும். அந்தப் படத்தை ஒட்டினால் பரிதாபப்படுவார்கள், வாங்கும் பழக்கம் மாறாது. "இந்த மாதம் நிரப்பிய போத்தல்கள்" என்று எழுதி, உண்மையான எண்ணைப் போடுங்கள். தன் போத்தலும் அதில் ஒன்றென்று வாங்கியவருக்குத் தெரியும். "100 வீதம் இயற்கை" போன்றவை வேண்டாம். நிரூபிக்க முடியாத பேச்சு, ஏமாற்றும் வியாபாரமென்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைவரை முறைப்பாடாகலாம்.

பலன் தெரிய, வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்டு அலைய வேண்டாம். கேட்டால் எல்லோரும் "ஓம், நல்ல விசயம்" என்பார்கள். பில்லை எண்ணுங்கள்: வாரத்தில் இந்தத் திரவம் வாங்கியவர்களில் எத்தனை பேர் நிரப்பினார்கள்? பெருநாள், பொங்கல் வாரங்களைத் தனியாக வையுங்கள். மாரியில் போத்தல் காயாமல் எண்ணிக்கை விழுந்தால் விளம்பரத்தைக் கூட்டாதீர்கள், காய்ந்த மாற்றுப் போத்தல்களைக் கூட்டுங்கள்.