முட்டை நீந்தாது: சால்மன் ஆறுகளில் ஃப்ளை போடுவோர் செய்யும் தவறுகள்

நவம்பர் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவரிலிருந்து 99-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் வடக்கே போனால் ஸ்குவாமிஷ் ஆறு வரும். காரைவிட்டு இறங்கியதுமே அழுகிய மீன் வாடை மூக்கில் ஏறும். முட்டையிட்டு முடித்துச் செத்த சம் சால்மன்கள் கரை நெடுகக் கிடக்கும். அவற்றைத் தின்ன வரும் வெண்தலைக் கழுகுகள் இலையுதிர்ந்த மரங்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். 1994 குளிர்காலக் கணக்கெடுப்பில் இங்கே பிராக்கண்டேல் பக்கம் மட்டும் 3,769 கழுகுகளை எண்ணினார்கள்.

தண்ணீருக்கு அடியிலும் இதே மாதிரி ஒரு பந்தி நடக்கிறது. டாலி வார்டன், புல் டிரவுட், ரெயின்போ, கட்த்ரோட் என்று சால்மனின் சொந்தக்கார மீன்கள் எல்லாம் சால்மன் கூட்டத்துக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அவற்றுக்கு வேண்டியது சால்மன் அல்ல, அதன் முட்டை. அந்த முட்டையைப் போலவே நூலிலோ பிளாஸ்டிக் மணியிலோ ஒன்றைச் செய்து ஏமாற்றுவதுதான் நம் வேலை. முள்ளில் இப்படிக் கட்டும் போலிக்குத்தான் ஃப்ளை என்று பெயர். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனாலும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் நிறைய. நானும் இரண்டு சீசன் அப்படித் திரும்பியவன்தான்.

முதலில், முட்டை எப்படி மிதந்து வருகிறது என்று யோசிக்காமலே பலர் ஆற்றுக்கு வந்துவிடுகிறார்கள். பெண் சால்மன் வாலால் சரளைக் கல்லை அடித்து அடித்துக் குழி பறிக்கும், அதில் முட்டையிடும், ஆண் வந்து சேர்ந்ததும் மறுபடி கல்லைத் தள்ளி மூடிவிடும். ஒழுங்காக மூடிய முட்டை எந்த மீன் வாய்க்கும் போகாது. குழியில் விழாமல் தவறியதும், பின்னால் வந்த இன்னொரு பெண் மீன் அதே இடத்தைத் தோண்டிக் கிளறிவிட்டதும்தான் ஓட்டத்தில் வரும். ஆகவே கடலிலிருந்து வெள்ளி மினுங்க அப்போதுதான் ஏறி வந்த மீன்களைப் பார்த்துவிட்டு முட்டை ஃப்ளை கட்டுவது அவசரம். அவற்றின் வயிற்றில் முட்டை இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும். முட்டையிடும் வேலை மும்முரமாகி, ஒரே இடத்தில் இரண்டாவது மூன்றாவது ஜோடி வந்து தோண்டும் நாட்கள்தான் நமக்கான நாட்கள். மழை வெள்ளம் வந்து வடிய ஆரம்பிக்கும் நேரமும் நல்ல நேரம்.

சரி, அடுத்தது எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஃப்ளை ஃபிஷிங் பழகிய கை சும்மா இருக்காது. ஸ்ட்ரீமர் (சிறு மீனைப் போலக் கட்டிய ஃப்ளை) போட்டவர் இழுத்து இழுத்து விடுவார். ஸ்டீல்ஹெட்டுக்கு (கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ) ஸ்விங் பண்ணியவர் நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, இறுக்கிக் குறுக்கே வீச விடுவார். முட்டைக்கு வாலும் இல்லை, துடுப்பும் இல்லை. தண்ணீர் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே, அதே வேகத்தில் உருண்டு போகும். குறுக்கே நீந்திப் போகிற முட்டையை எந்த மீனும் பார்த்ததில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆற்றின் மேல்தண்ணீர் வேகமாக ஓடும். அடித்தண்ணீர் கல்லில் உரசி மெதுவாகப் போகும். முட்டை போவது அடியில். மேலே மிதக்கும் தக்கை (கடையில் இண்டிகேட்டர் என்று கௌரவமாகச் சொல்லி விலையைக் கூட்டுவார்கள், நம் தக்கைதான்) பக்கத்தில் போகும் நுரைக் குமிழியோடு சேர்ந்தே ஓடினால், ஃப்ளை அடிக்குப் போகவில்லை அல்லது தக்கை அதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். தக்கை நுரையைவிடச் சற்றே பின்தங்க வேண்டும். அதற்குத்தான் மெண்டிங். வீசியவுடன், நரம்பு தண்ணீரில் வில் போல வளைவதற்கு முன்னாலேயே, கோல் நுனியைத் தூக்கி ஓட்டம் வரும் திசைக்கு நரம்பைப் புரட்டிப் போடுவது. அப்படிப் புரட்டும்போது தக்கை நகரக் கூடாது. நகர்ந்தால் கீழே முட்டையும் துள்ளியிருக்கும். ஒருமுறை புரட்டினால் போதாது. தக்கை நமக்கு நேரே வரும்போது ஒன்று, தாண்டும்போது ஒன்று, அப்புறம் கையில் இருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது. எனக்கு இது கைவர ஒரு முழு இலையுதிர்காலம் ஆனது.

ஆழமும் இதோடு சேர்ந்தது. தக்கைக்கும் ஃப்ளைக்கும் நடுவே தண்ணீர் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நரம்பு விட வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓட்டம் நரம்பைச் சாய்த்துவிடும் என்பதால் அந்தக் கணக்கு. தொடங்குவதற்குச் சரி, ஆனால் இடத்துக்கு இடம் மாற்றியே ஆக வேண்டும். தக்கை எப்போதாவது ஒருமுறை ‘டொக்’ என்று அசைந்தால், ஃப்ளையை அடிக்கு இறக்க நரம்பில் மாட்டிய ஈயக் குண்டு கல்லைத் தொடுகிறது, சரியாக இருக்கிறது. அசையவே இல்லையென்றால் மேலே போகிறது. ஒவ்வொரு வீச்சிலும் மாட்டிக்கொண்டால் ஈயம் அதிகம்.

ஒருநாள் காலை முழுக்க ஒரே இடத்தில் நின்று ஐந்து நிறம் மாற்றினேன். பீச், ஆரஞ்சு, ரோஸ், மறுபடி பீச், அப்புறம் என்னவோ ஒன்று. ஓட்டத்தில் எனக்குக் கீழே முப்பது அடி தள்ளி ஒரு பெரியவர் மூன்றாவது டாலி வார்டனைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். என் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். “நிறத்தை விடு, இன்னும் ஒரு ஈயம் போடு” என்றார். அரிசி அளவுக்கு ஒரு குண்டு. மூன்றாவது வீச்சில் தக்கை முங்கியது. அன்றிலிருந்து, மீன் எடுக்காவிட்டால் முதலில் ஈயம், பிறகு ஆழம், கடைசியில்தான் நிறம்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக: எல்லா சால்மனுக்கும் ஒரே முட்டை இல்லை. சாக்கையின் முட்டை சிறியது, 6 மில்லிமீட்டர் மணி போதும். சினூக் முட்டை பெரியது, 10 வரை போகலாம். சம், கோஹோ ஓடும் ஆற்றில் 8 வைத்துத் தொடங்குவேன். கடையில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுதான் முதலில் கையில் வரும். வயிற்றிலிருந்து அப்போதுதான் வந்த முட்டை அப்படிப் பளிச்சென்று இருக்கலாம். ஓட்டத்தில் ஊறிச் செத்த முட்டை பால் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருக்கும். தெளிந்த தண்ணீரில் அந்த வெளுப்புக்குத்தான் மதிப்பு. அலாஸ்கா பக்கம் இதற்காகவே பிளாஸ்டிக் மணிக்கு நகப்பாலிஷ் பூசுகிறார்கள். மேலே ஒரு மங்கலான பூச்சு வந்துவிடும். பெரிய, பளிச்சென்ற மணி கலங்கிய தண்ணீருக்கும் குளிர்கால ஸ்டீல்ஹெட்டுக்கும் இருக்கட்டும்.

நூல் முட்டை கட்டுகிறவர்கள் நூலை அள்ளி வைத்து எலுமிச்சம்பழம் மாதிரி கட்டிவிடுகிறார்கள். முள்ளின் வளைவுக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நூல் அடைத்துவிட்டால் மீன் கடித்தாலும் முள் ஏறாது. கட்டி முடித்ததும் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முள் நுனிக்கும் முட்டைக்கும் நடுவே தாராளமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கத்தரி எடுங்கள்.

மணி போடுகிறவர்கள் செய்யும் தவறு வேறு. மணியை நரம்பில் கோத்து, ஓட்டையில் பல்குச்சி செருகி நிறுத்தி, கீழே வெறும் முள்ளைக் கட்டுவது வழக்கம். மணிக்கும் முள்ளுக்கும் நடுவே இரண்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மீன் மணியைக் கவ்விப் பொய் என்று துப்பும்போது நரம்பு வழுகிப்போய் முள் தாடையின் ஓரத்தில் வெளிப்பக்கமாகப் பிடிக்கும். ஆழமாக விழுங்காது, விடுவதும் சுலபம். நாலைந்து அங்குலம் விட்டால் அதே முள் கண்ணிலோ செவுளிலோ போய்க் குத்தும். அலாஸ்காவில் இந்த இரண்டு அங்குலம் சட்டமாகவே இருக்கிறது. அங்கே ஃப்ளை மட்டும் அனுமதித்த நீர்நிலைகளில், வெறும் முள்ளுக்கு மேலே கோத்த மணி ஃப்ளை என்ற கணக்கிலும் வராது.

தக்கை நின்றாலும் முங்கினாலும் உடனே கோலை வானத்துக்குத் தூக்குவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்கிறது. மேலே வெடுக்கென்று இழுத்தால் முள் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். கோலைத் தாழ்வாக வைத்து, ஓட்டம் போகும் பக்கமாக இழுங்கள். அப்புறம், ஈயமும் தக்கையும் கட்டிய நரம்பைக் காற்றில் நாலு முறை முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். அவிழ்க்கவே பாதி நாள் போய்விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் மீன் கிடைக்காமல் போகிற தவறுகள். அடுத்தது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற தவறு: முட்டைக் குழிமேல் நடப்பது. சுற்றியுள்ள கல்லெல்லாம் பாசி பிடித்துக் கறுத்திருக்க, நடுவே கழுவிவைத்த மாதிரி வெளிர்நிறத்தில் ஒரு சரளைத் திட்டு, முன்னால் ஒரு பள்ளம், பின்னால் ஒரு மேடு. அதுதான் குழி. மேட்டுக்கு அடியில்தான் முட்டை. முட்டையிட்ட முதல் சில வாரங்களில், உள்ளே கண்கள் இரண்டு கரும்புள்ளியாகத் தெரியும்வரை, ஓர் அதிர்ச்சியையும் அவை தாங்காது. பூட்ஸ் கால் ஒன்று போதும். சால்மன் எல்லாம் செத்து முடிந்துவிட்டதே என்று ஜனவரியில் தாராளமாக இறங்கி நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தாய் மீன்தான் போயிற்று. முட்டையும் பொரித்த குஞ்சும் வசந்தம் வரை அந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ஸ்டீல்ஹெட்டோ வசந்தத்தில்தான் குழி பறிக்கவே வரும்.

குழிமேல் நின்று வேலையாக இருக்கும் சால்மன் நடுவே ஃப்ளையை எறிவதும் இதே வகை. முதுகில் முள் மாட்டிய சம் ஒன்றை மெல்லிய கோலில் இழுத்துப் பார்த்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோல் ஒடியும், மீன் நொந்துபோகும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்படி வாய்க்கு வெளியே மாட்டியதை விட்டுவிடத்தான் வேண்டும். நமக்கு வேண்டிய மீன் குழியைத் தாண்டி ஓட்டம் போகும் பக்கம், தண்ணீர் ஆழமாகத் தொடங்கும் இடத்தில் நிற்கிறது. அங்கேயே போடலாம்.

அதே மாகாணத்தில் ஓடும் தண்ணீரில் ஒற்றை முள், அதுவும் பார்ப் (நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் குட்டிமுள்) நசுக்கிய முள்தான். காட்டு (பண்ணையில் பொரிக்காத) ஸ்டீல்ஹெட் கிடைத்தால் விட வேண்டும். இரை தடை உள்ள ஆற்றில் நூல் முட்டை போடலாம்; அதில் இயற்கைப் பொருள் கலந்த வாசனை எண்ணெய் தடவினால் அது இரைக் கணக்கில் போய்விடும். கடல் ஓதம் ஏறும் பகுதிக்கு மத்திய அரசின் உரிமம், அதற்கு மேலே மாகாணத்தின் உரிமம். ஃப்ரேசர் ஆற்றில் அந்த எல்லை மிஷன் ஊர் ரயில் பாலம். விதிகள் நடுவில் மாறும் என்பதால், கிளம்பும் நாள் காலையில் ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம்.

கடைசியாக மழை. இந்த ஆறுகள் நீளம் குறைந்தவை, மலையிலிருந்து நேராக இறங்குபவை. நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கும். மேலே கொட்டியது சில மணி நேரத்தில் வந்துவிடும். மணல்திட்டுக்குக் கடந்து போகும்போது கரையோரம் உலர்ந்த கல் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்வேன். அதன் தலை நனைந்துவிட்டால், மீன் எப்படிக் கடித்துக்கொண்டிருந்தாலும், நரம்பைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவேன்.