5 டன் மெஷினைக் கப்பலில் அனுப்புவது எப்படி: முதல் முறை அனுப்புகிறவர்களுக்கு

எங்கள் பட்டறை மலேசியாவில் பந்திங் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆலைகள் கழித்துப் போடும் ஸ்குரூ பிரஸ்ஸை, அதாவது செம்பனைப் பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் மெஷினை வாங்கி, தேய்ந்ததை மாற்றி, பெயிண்ட் அடித்து விற்பதுதான் தொழில். உள்ளூர் ஆலை என்றால் லோரியில் ஏற்றியதோடு வேலை முடிந்தது. போன வருடம் ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கத்து ஆலைக்காரர் ஒருவர் ஒரு பிரஸ் கேட்டார். இதுவும் அப்படித்தான், லோரிக்குப் பதில் கப்பல் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

இன்வாய்ஸ் போடுவது, பணம் வாங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கப்பலில் சரக்கு அனுப்பும் வேலையைப் பார்த்துக்கொடுக்கும் ஃபார்வர்டரைத் தேடும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: இதற்கு முன் மெஷின் அனுப்பியிருக்கிறாரா? அட்டைப்பெட்டிச் சரக்கு மட்டும் அனுப்பிப் பழகியவர் விலை குறைவாகச் சொல்வார், ஆனால் சிக்கல் வந்தால் உங்களைத்தான் கேட்பார்.

படி 1: அளவு

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 20 அடி கண்டெய்னரின் உள் உயரம் சுமார் 2.39 மீட்டர். என் மெஷின், மேலே உள்ள சூட்டோடு (பழம் விழும் சரிவுக் குழாய்) சேர்த்து 2.16. தாராளம் என்று முடிவு செய்து புக்கிங் போட்டுவிட்டேன். சைட் லோடர் லோரி வந்து பெட்டியைப் பட்டறை வாசலில் இறக்கிவைத்தது. மெஷினை 15 சென்டிமீட்டர் உயரக் கட்டை ஸ்கிட்டில் ஏற்றி போல்ட் போட்டு நகர்த்திக்கொண்டு போனால், சூட்டின் விளிம்பு கதவின் மேல் சட்டத்தில் 'டங்' என்று இடித்தது. டேப்பை எடுத்துப் பார்த்தால் கதவுத் திறப்பு 2.28தான்! கதவுக்கு மேலே இருக்கும் இரும்புச் சட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் தின்றுவிடுகிறது. மெஷினும் ஸ்கிட்டும் சேர்ந்து 2.31. பொர்க்லிப்ட் ஓட்டும் அண்ணன் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உள்ள இடம் இருக்கு, வாசல்தான் இல்ல" என்றார்.

முந்தாநாள் பெயிண்ட் அடித்த சூட்டை, பெயிண்ட் பிடித்து இறுகிய 16 போல்ட்டோடு, தூறலில் நின்று கழற்றினோம். சைட் லோடர் காத்திருந்த நேரத்துக்கும் காசு கொடுத்தேன்.

ஆகவே: மெஷின், ஸ்கிட், அடியில் வைக்கும் உருளை, தூக்கும்போது வேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதைப் பெட்டியின் உள் உயரத்தோடு அல்ல, கதவுத் திறப்போடு ஒப்பிடுங்கள். 2.15க்கு மேல் போனால் நான் 20 அடிப் பெட்டியை யோசிக்கவே மாட்டேன். 40 அடி ஹை கியூப் பெட்டியில் திறப்பு சுமார் 2.58. அதற்கும் மேல் என்றால் மேலே திறந்த ஓப்பன் டாப், இல்லையென்றால் கூரையும் பக்கச் சுவரும் இல்லாத ஃபிளாட் ராக். அளவு மீறிய சரக்குக்குக் கட்டணம் எகிறும், முடிந்தவரை கழற்றி அனுப்புவதே மலிவு.

படி 2: எடை

கேட்டலாக்கை நம்பாதீர்கள். என்னுடையதில் 4.8 டன் என்றிருந்தது, அது மோட்டாரும் கியர்பாக்ஸும் இல்லாத எடை. பழக்குலை லோரிகளை நிறுக்கும் ஆலைத் திம்பாங்கில் (எடை மேடை) கேட்டு ஏற்றிப் பார்த்தால் 5.6. இது நமக்குத் தெரிந்துகொள்ள. கப்பல் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது வேறு: 2016 ஜூலை 1 முதல் பெட்டியின் சரிபார்த்த மொத்த எடையை, அதாவது விஜிஎம், கொடுக்காமல் எந்தப் பெட்டியும் கப்பல் ஏறாது. மெஷின், கட்டை, சங்கிலி, காலிப் பெட்டி எல்லாம் சேர்ந்த எடை அது. காலிப் பெட்டியின் எடை கதவிலேயே எழுதியிருக்கும். ஏற்றி முடித்த பெட்டியைச் சான்று காலாவதியாகாத எடை மேடையில் நிறுத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி, கூட்டல் கணக்கில் தப்பு வராது.

படி 3: கழுவுதல், எண்ணெய்

பழம் பிழியும் கூண்டான கேஜுக்குள் காய்ந்து கிடக்கும் பனை நாரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சூடுநீர் ஜெட் விட்டு எடுத்துவிடுங்கள். பழைய மெஷினில் மண், விதை, செடிக் கழிவு இருந்தால் போகிற நாட்டில் பிரச்சனை வரும், இதற்கென்றே ஐஎஸ்பிஎம் 41 என்ற சர்வதேச விதி 2017இல் வந்திருக்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்த பிறகு, 'எண்ணெய் இல்லை' என்று ஒரு தகடு தொங்கவிடுங்கள், அங்கே யாராவது வந்தவுடன் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பார்கள். பளபளக்கும் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் துரு தடுப்பு எண்ணெய், மேலே துரு பிடிக்காமல் காக்கும் விசிஐ பிளாஸ்டிக். இந்த ஊர் ஈரக்காற்றைப் பெட்டிக்குள் அடைத்து அனுப்புகிறோம், ராத்திரி குளிர்ந்தால் கூரையிலிருந்து சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளையும் தொங்கவிடுங்கள்.

படி 4: கட்டை, சங்கிலி

கட்டை 56 டிகிரியில் 30 நிமிடம் உள்வரை சூடேற்றியதாக, கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையும் எச்டி என்ற எழுத்தும் உள்ளதாக இருக்கவேண்டும். பக்கத்து மர ஆலைக்காரர் "அதே கட்டைதான், மை மட்டும்தான் வித்தியாசம்" என்பார். கேட்காதீர்கள்.

பொர்க்லிப்டில் 5 டன்னைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள் ஓட்டாதீர்கள். பெட்டித் தரையை 5.5 முதல் 7.3 டன் வரையான அச்சு எடைக்குத்தான் சோதிக்கிறார்கள். வண்டியும் மெஷினும் சேர்ந்தால் முன் அச்சில் அதைவிட அதிகம் இறங்கும். உருளை வைத்து மெதுவாகத் தள்ளுவதே நல்லது. ஸ்கிட்டின் அடிக்கட்டைகள் பெட்டியின் நீளவாக்கில் இருக்கவேண்டும், அப்போதுதான் எடை பல குறுக்குச் சட்டங்களில் பரவும். மெஷின் நடுவில் உட்காரவேண்டும்.

கடலில் பக்கவாட்டில் 0.8ஜி வரை, அதாவது சரக்கின் எடையில் 0.8 பங்கு வரை இழுக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். என் 5.6 டன்னுக்கு அது சுமார் 4.5 டன் இழுவை. தரை வளையம் ஒன்று தாங்கும் என்று உறுதி சொல்வது 1 டன். அதனால் சங்கிலியை மட்டும் நம்பாமல், மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் கனமான கட்டைகளை இறுக்கி அடியுங்கள். பாலியெஸ்டர் பெல்ட் எனக்குப் பிடிக்காது, கூர்விளிம்பில் பட்டால் அறுந்துவிடும். சங்கிலியும் அதைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிளும்தான். ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ எடுத்து வையுங்கள்.

படி 5: தாள்கள்

ஏற்றுமதிக்கு கே2 பாரம், கஸ்தாமுக்கு (சுங்கத் துறை) ஏஜென்ட்டே போடுவார். சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ் எண் 8479.20, எண்ணெய் பிழியும் இயந்திரம். பேக்கிங் லிஸ்டில் சீரியல் நம்பர் மெஷின் தகட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். பழைய மெஷின் இந்தியாவுக்குப் போனால் அங்கே சார்டர்ட் இன்ஜினியர் சான்று கேட்பார்கள், வாங்குபவரிடம் முன்பே பேசுங்கள். விற்பனை சிஐஎஃப் என்றால், அதாவது கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு என்றால், இன்கோடெர்ம்ஸ் என்ற சர்வதேச விற்பனை விதிகள் கேட்பது மிகக் குறைந்த 'சி' வகைக் காப்பீடு மட்டுமே. பழையதற்கு மிக விரிவான 'ஏ' வகை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். 2021இல் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் சிக்கியபோது, சரக்கில் ஒரு கீறல்கூட விழாதவர்களும் ஜெனரல் ஆவரேஜுக்கு (கப்பலைக் காப்பாற்றிய செலவைச் சரக்குக்காரர்கள் எல்லாரும் பங்கிடுவது) உத்தரவாதம் கட்டித்தான் பொருளை எடுத்தார்கள், காப்பீடு இல்லாதவர்கள் கைக்காசைப் போட்டார்கள்.

பின் சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு தம்பி எழுதியிருந்தார், அவர்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் நீளமான டிரெய்லர் திரும்பவே முடியவில்லை என்று. அப்படியென்றால் மெஷினைச் சின்ன லோரியில் ஏற்றி போர்ட் கிள்ளான் பக்கத்து யார்டில் பெட்டிக்குள் வையுங்கள்.

இன்னொரு அக்கா மாட்டிக்கொண்டது கட்டையில். முத்திரை அடித்த கட்டையைத்தான் வாங்கியிருக்கிறார். தடுப்பு வைக்க அளவுக்கு அறுத்தபோது முத்திரை ஒரு துண்டில் நின்றுவிட்டது, மற்ற துண்டுகளெல்லாம் வெறும் கட்டையாகிவிட்டன. இதை நானும் எழுத மறந்துவிட்டேன். வேண்டிய நீளங்களை முதலிலேயே எழுதிக் கொடுத்து, முத்திரை அடிக்கும் இடத்திலேயே அறுத்து, துண்டுக்குத் துண்டு அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.