நகல் கோப்ராவைப் பழைய கார் பந்தயத்துக்குத் தயார் செய்வது எப்படி

1960களின் புகழ்பெற்ற கோப்ரா காரின் வடிவத்தில் பின்னாளில் கட்டப்பட்ட நகலை வைத்திருப்பவர்கள், பழைய கார்களுக்கான பந்தயத்தில் இறங்க ஆசைப்பட்டால் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தக் கார்புரேட்டர், எந்த கேம்ஷாஃப்ட், எத்தனை குதிரைத்திறன் என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த கிளப்பில் ஓட்டப்போகிறீர்கள், அதன் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டீர்களா? ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் ஃபோர்டின் 302 கன அங்குல எஞ்சின் சாதாரண நிலையில் இருந்தாலே போதும். அந்த வேகத்தில் காரை நிறுத்துவதும், எஞ்சினுக்கு ஆயில் கிடைப்பதும், கவிழ்ந்தால் உங்கள் தலை தப்புவதும்தான் இனி செய்யவேண்டிய வேலை. பணமும் நேரமும் முதலில் அங்கே போகட்டும்.

கரோல் ஷெல்பி 1962இல் இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனத்து சேஸிஸில் (அடிச்சட்டகத்தில்) ஃபோர்டு வி8 எஞ்சினைப் பொருத்தி உருவாக்கிய கார் இது. 1965இல் 427 கன அங்குல எஞ்சினோடு அகலமான உடல் வந்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் கார்கள்தான் செய்யப்பட்டன. இன்று அவற்றின் விலையைப் பார்த்தால், சுவரில் மோதும் சாத்தியமுள்ள இடத்துக்கு அவற்றை எடுத்துப்போக பல உரிமையாளர்களுக்கு மனம் வராது. நகல்களின் கதை வேறு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேர்ஹாமில் இருக்கும் ஃபேக்டரி ஃபைவ் போன்றவர்கள் 1990களிலிருந்து உதிரிப்பாகத் தொகுப்பாகவே விற்கிறார்கள். வீட்டு கராஜில் கட்டிய காரை அஞ்சாமல் ஓட்டலாம், உடைந்தால் மீண்டும் கட்டலாம். நகலைப் பந்தயத்துக்குக் கொண்டுபோவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. ஓடுவதற்காகப் பிறந்த வடிவம் அது.

ஆனால் பழைய கார் கிளப்புகள் பழைய கார்களுக்காக ஏற்பட்டவை. சில கிளப்புகள் நகல்களைச் சேர்ப்பதே இல்லை. சில, காரின் தோற்றமும் உள்ளிருக்கும் இயந்திரமும் அந்தக் காலத்துக்கு ஒத்திருந்தால் ஏற்கின்றன. எனவே ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே கிளப்பின் தொழில்நுட்பப் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். நான்கு பக்கமும் எடுத்த படங்கள், எஞ்சின், எரிபொருள் அமைப்பு, கியர்பாக்ஸ், சக்கர விட்டம், டயர், பிரேக் ஆகியவற்றின் விவரம் அதில் இருக்கட்டும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வழக்கமாக நிராகரிக்கப்படுபவை மூன்று: ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஐந்து கியர் பெட்டி, 17 அங்குலச் சக்கரம்.

இந்த மூன்றாவதைக் கவனியுங்கள், மற்ற முடிவுகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வருவது அதுதான். அந்தக் காலக் கோப்ராவில் இருந்தவை 15 அங்குலச் சக்கரங்கள். பழைய கார் பந்தயங்களுக்கு ஏற்ற டயர்களும் அந்த அளவில்தான் கிடைக்கின்றன. 15 அங்குலச் சக்கரத்துக்குள் 13 அங்குல பிரேக் டிஸ்க் நுழையாது, ஏறத்தாழ 11 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரிய பிரேக்கை ஆசையாக வாங்கி மாட்டிவிட்டு, பிறகு சக்கரம் உட்காரவில்லை என்று அதைப் பாதி விலைக்கு விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் டயர், அதற்கேற்ற சக்கரம், அதற்குள் அடங்கும் பிரேக் என்ற வரிசையில் வாங்குங்கள்.

அடுத்து ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய் வளையம். தெருவில் ஓடும் நகல்களில் ஓட்டுநர் தலைக்குப் பின்னால் பளபளவென்று ஒரு வளையம் நிற்கும். பெரும்பாலும் அது அலங்காரம். இருக்கையில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, ஹெல்மெட்டோடு உட்காருங்கள். வளையத்தின் உச்சி ஹெல்மெட்டுக்கு மேலே குறைந்தது 2 அங்குலம் இருக்கவேண்டும். பலருக்கு ஹெல்மெட்தான் மேலே நிற்கும். அப்படியென்றால் தயங்காமல் அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். 1.75 அங்குல விட்டமுள்ள நல்ல மைல்ட் ஸ்டீல் குழாய் வேண்டும், சுவர்த் தடிமன் கிளப் விதி சொல்வதற்குக் குறையக்கூடாது. பின்புறத் தாங்கிகள் சேஸிஸின் முக்கியக் குழாய்களில் வெல்டிங் ஆகவேண்டும். ஃபைபர் உடலிலோ அலுமினியத் தகட்டிலோ பிடித்திருக்கும் கம்பி எதையும் தாங்காது. பரிசோதகர் தடிமனை அளக்க 3/16 அங்குலத் துளை ஒன்று விட்டுவையுங்கள்.

தோள் பெல்ட் தோளிலிருந்து பின்னால் போகும்போது ஏறக்குறைய கிடையாகவோ சற்றே சரிந்தோ போகவேண்டும். செங்குத்தாக இறங்கினால் மோதலில் முதுகெலும்பை அமுக்கும். கழுத்துக் காப்பு இல்லாமல் ஓட்டாதீர்கள், விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும். ஹெல்மெட்டில் கார் பந்தயத்துக்கான ஸ்னெல் எஸ்.ஏ. தர முத்திரை இருக்கவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான எம் முத்திரை போதாது, அதில் தீத்தடுப்புச் சோதனை கிடையாது. பெல்ட்டின் பட்டையில் தேதி இருக்கும். காலாவதியானதைப் பரிசோதகர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

கோப்ராவுக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே சொல்லியாகவேண்டும். கால் வைக்கும் பெட்டிக்குப் பக்கத்திலேயே பெல்ஹவுசிங், அதாவது ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் மூடியிருக்கும் உறை, இருக்கிறது. உயர் சுற்றில் ஃப்ளைவீலோ (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) கிளட்ச்சோ சிதறினால் துண்டுகள் நேரே கணுக்காலுக்கு வரும். நடுவில் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு. எனவே பந்தய உதிரிப்பாகங்களுக்கான எஸ்.எஃப்.ஐ. பாதுகாப்புச் சான்று பெற்ற ஸ்டீல் ஃப்ளைவீலும் கிளட்ச்சும் எஃகு பெல்ஹவுசிங்கும் போடுங்கள். வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் படாத செலவு இது, ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பெட்ரோல் டேங்க்குக்குப் பதில் ரப்பர் பையும் உள்ளே நுரையும் கொண்ட ஃப்யூயல் செல் வைக்கவேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் எஃப்.டி.3 தரத்துப் பைக்கு ஐந்து ஆண்டு ஆயுள். மலிவாகக் கிடைத்தது என்று பழையதை வாங்கினால் நுரை மாவாகி ஃபில்டரை அடைக்கும். செல்லுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே இடைவெளியில்லாத உலோகத் தடுப்பு இருக்கட்டும். கார்புரேட்டருக்கு இரண்டு தனித்தனி ரிட்டர்ன் ஸ்பிரிங், ஒன்று அறுந்தாலும் த்ராட்டில் மூடவேண்டும்.

காரின் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்சை எல்லோரும் மாட்டுகிறார்கள், சோதித்துப் பார்ப்பவர் குறைவு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை அணையுங்கள். பேட்டரி துண்டிக்கப்பட்டும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், ஆல்டர்நேட்டர் இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுக்கிறது என்று பொருள். இக்னிஷனையும் சேர்த்துத் துண்டிக்கும் கூடுதல் முனைகள் உள்ள சுவிட்ச் வேண்டும். விபத்தில் உங்களை வெளியே இழுக்க ஓடிவருபவர் முதலில் தேடுவது அந்தச் சுவிட்சைத்தான். நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியை வெளியிலிருந்து தெரியும்படி ஒட்டுங்கள்.

இப்போது ஆயில். விஸ்கான்சினின் எல்கார்ட் லேக்கில் 1955இல் திறந்த ரோடு அமெரிக்கா பந்தயத் தளத்தில் கெரோசல் என்றொரு நீண்ட வலது வளைவு இருக்கிறது. நேராக ஓடும்போது 60 பி.எஸ்.ஐ. காட்டிய ஆயில் அழுத்தமானி அங்கே சரிவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். வளைவு முழுக்க ஆயில், எஞ்சினுக்கு அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியின் இடப்பக்கம் ஏறி நிற்கிறது, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கிறது, பேரிங்குகள் வறண்டு ஓடுகின்றன. சில விநாடிகள் போதும், எஞ்சின் போய்விடும். தடுப்புத் தகடுகளும் ஒருபக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகளும் உள்ள சம்ப் முதல் தேவை. அதற்கு மேல் அக்யூசம்ப் ஒன்று: உருளைக்குள் பிஸ்டன், ஒரு பக்கம் காற்றழுத்தம், மறுபக்கம் ஆயில். அழுத்தம் குறைந்த கணமே சேமித்த ஆயிலை உள்ளே தள்ளும். கையால் திருப்பும் வால்வு வைத்திருந்தால், எஞ்சினை அணைக்கும் முன், அழுத்தம் இருக்கும்போதே வால்வை மூடுங்கள். மறுநாள் ஸ்டார்ட் செய்யும் முன் திறந்தால் பேரிங்குகளுக்கு முதலிலேயே ஆயில் போய்விடும். மானியை மட்டும் நம்பாதீர்கள். வளைவில் கண் சாலையில் இருக்கும். அழுத்தம் குறைந்தால் எரியும் பெரிய சிவப்பு விளக்கை நேர் எதிரே வையுங்கள். வடிகால் போல்ட்டையும் ஃபில்டரையும் கம்பியால் கட்டுங்கள், வழியும் ஆயிலுக்கு கேட்ச் டேங்க் வையுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீரும் துரு தடுக்கும் திரவமும் மட்டும். கிளைக்கால் கலந்த கூலன்ட் பாதையில் கொட்டினால் பின்னால் வருபவர் வழுக்குவார், அதனால் பல இடங்களில் அதற்குத் தடை.

அதே ரோடு அமெரிக்காவில் ஐந்தாம் திருப்பத்துக்கு இறக்கத்தில் முழு வேகத்தில் வந்து பிரேக் போடவேண்டும். ஆயிலுக்குக் கெரோசல் என்றால் பிரேக்குக்கு இந்த இடம். சாதாரண டாட் 3 பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போதே 205 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கலாம். அது ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நாள்பட நாள்பட இன்னும் முன்பே கொதிக்கும். கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தயத் திரவம் ஊற்றி, ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் பிரேக் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். முன் கிரில்லிலிருந்து 3 அங்குலக் குழாயில் காற்றைக் கொண்டுவந்து டிஸ்க்கின் நடுப்பகுதியில் விடுங்கள், உள்ளிருக்கும் இடைவெளிகள் வழியே அது வெளியேறும். டிஸ்க்கின் ஒரு முகத்தில் மட்டும் அடித்தால் அது கோணிப்போகும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டரும் நடுவே அழுத்தத்தை இரண்டுக்கும் பங்கிடும் பேலன்ஸ் பாரும் இருந்தால், காரை ஸ்டாண்டில் ஏற்றி, நீங்கள் பெடலை மெல்ல அழுத்த, துணைக்கு ஒருவர் சக்கரங்களைச் சுற்றிப் பார்க்கட்டும். முன் சக்கரம் சற்று முந்திப் பிடிக்கவேண்டும். பின் சக்கரம் முந்தினால், நீளம் குறைந்த இந்தக் கார் நொடியில் சுழன்றுவிடும்.

சஸ்பென்ஷனில் பெரிதாக ஒன்றும் தேட வேண்டாம். உங்கள் எடையோடு மூலை எடைகளை (ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் விழும் எடையை) சமன்செய்து, சக்கரக் கோணங்களை டயர் தயாரிப்பாளர் சொல்வதற்கு அருகே வைத்தால் போதும்.

போல்ட்டுகளுக்குத் தனியாக ஒரு வார இறுதி ஒதுக்குங்கள். ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, போல்ட் தலையிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் குனிந்து பார்க்கும்போதே தெரிந்துவிடும். நடுவில் ஒற்றை நட் உள்ள சக்கரமாக இருந்தால் செம்பு அல்லது ஈயச் சுத்தியலால் அடித்து இறுக்கிப் பூட்டு ஊசியைப் போடுங்கள்.

பக்கவாட்டுச் சைலன்சரின் உறுமல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கலிஃபோர்னியாவின் லகூனா செக்கா போன்ற இடங்களில் ஒலி அளவு மீறினால் கறுப்புக் கொடி காட்டி வெளியேற்றுவார்கள். தளத்தின் வரம்பை முன்பே கேட்டுக்கொண்டு சைலன்சருக்குள் ஒலியைக் குறைக்கும் தடுப்பு மாட்டுங்கள்.

முதல் வார இறுதியைப் பந்தயத்தில் செலவிடாதீர்கள், பயிற்சி நாளில் ஓட்டுங்கள். பழைய கார் கிளப்புகள் பலவற்றில் 13/13 என்றொரு விதி உண்டு. மோதலுக்கு நீங்கள் காரணமென்று முடிவானால் 13 மாதம் கண்காணிப்பு, அதற்குள் மீண்டும் நடந்தால் 13 மாதம் தடை. பக்கத்தில் ஓடுவது அசல் காராக இருக்கலாம், அதன் கதவில் நாற்பது ஐம்பது ஆண்டுப் பந்தய வரலாறு இருக்கலாம். சந்தேகம் வந்தால் வழிவிடுங்கள்.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கார் சூடாக இருக்கும்போதே டயர் அழுத்தத்தை அளந்து எழுதுங்கள். சக்கர நட்டுகள், மஞ்சள் கோடுகள், பிரேக் பேட் தடிமன், சம்ப்புக்கு அடியில் ஈரம், கேட்ச் டேங்க்கில் சேர்ந்த ஆயில் எல்லாவற்றையும் பாருங்கள். பெடல் முன்பைவிடக் கீழே போனால் அடுத்த ஓட்டத்துக்கு முன் திரவத்தை மாற்றுங்கள். இத்தனையும் ஒரு சீசன் முழுக்கச் சரியாக இருந்தால், குளிர்காலத்தில் எஞ்சினைக் கழற்றுவதைப் பற்றிப் பேசலாம்.