பங்க், மெட்டல், சதர்ன் கண்ட்ரி: கலப்பிசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகமும் எளிமையும் கொண்ட கலக ராக்கான பங்க், கனத்த கிட்டார் ஒலியுடைய மெட்டல், அமெரிக்கக் கிராமிய மரபிலிருந்து வந்த கண்ட்ரியோடு ராக் கலந்த சதர்ன் கண்ட்ரி ராக் ஆகிய மூன்றையும் ஒரே மேடையில் முழக்கும் கலகக் குழுக்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களும், அவர்களைப் பார்த்துத் தாங்களும் வாசிக்க முயலும் இளைஞர்களும் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். முதலாவது பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. 'சதர்ன்' என்பதைத் 'தென்னமெரிக்க' என்று எழுதுவது முற்றிலும் பிழையாகும். இங்கே பேசப்படுவது ஜார்ஜியா, அலபாமா, டென்னசி போன்ற ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்கள்.

அடுத்ததாக, கண்ட்ரி இசை சாதுவானது என்றும், பங்க்தான் அதற்குக் கலகத்தைக் கற்றுக்கொடுத்தது என்றும் நினைக்கக் கூடாது. கண்ட்ரியின் பெரும் பாடகரான ஹாங்க் வில்லியம்ஸை, குடிப்பழக்கத்தின் காரணமாக டென்னசியிலுள்ள கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓலே ஓப்ரி' வானொலி நிகழ்ச்சி 1952-இல் வெளியேற்றியது. 1953 புத்தாண்டு நாளில் காரின் பின்னிருக்கையில் இறந்து கிடந்தபோது அவருக்கு வயது 29. அவருடைய பேரன் ஹாங்க் வில்லியம்ஸ் III இளமையில் பங்க் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். பின்னர் தாத்தாவின் கண்ட்ரியையும் மெட்டலையும் கையில் எடுத்தார். அவர் 2006-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்', பெற்றோருக்கான எச்சரிக்கை முத்திரையுடன் ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து வந்த முதல் கண்ட்ரி ஆல்பம். அந்தக் கலக வெறி வெளியிலிருந்து வந்து சேர்ந்ததன்று, குடும்பச் சொத்து என்றே நான் கருதுகிறேன்.

வாசிப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, கண்ட்ரி மெட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் டிஸ்டார்ஷனை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை) ஏற்றிவிட்டால் கலப்பு வந்துவிடும் என்று நம்புவதாகும். கண்ட்ரியின் அடிப்படைத் தாளத்தைச் சற்று நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்: நான்கு அடிகள் கொண்ட சுற்றில் ஒன்றாம், மூன்றாம் அடிகளில் பேஸ் சுரம் (தாழ்ந்த சுரம்) விழுகிறது, இரண்டாம், நான்காம் அடிகளில் ஸ்னேர் என்னும் கூர்ந்து ஒலிக்கும் டிரம்மோ கிட்டார் மீட்டலோ பதில் சொல்கிறது. இதே நடையை இரட்டிப்பு வேகத்தில் வாசித்தால் அது ஏறக்குறைய பங்க் டிரம்மரின் நடையாகிவிடுகிறது. இணைப்பு இருக்கும் இடம் இதுதான். வலது உள்ளங்கையின் ஓரத்தை, கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே கம்பிகளின் மேல் வைத்து அடக்கி வாசிக்கும் மெட்டல் முறை இந்த நடையின் மேல் அமர வேண்டுமானால், ஒவ்வொரு அடிக்கும் இடையிலுள்ள மூச்சு காக்கப்பட வேண்டும். எல்லாவற்றையும் சத்தத்தால் நிரப்பிவிட்டால், கண்ட்ரியில் மிதிகட்டைகளுடன் வாசிக்கப்படும் பெடல் ஸ்டீல் கிட்டாரின் இழைந்து ஏறும் சுரங்களுக்கு நிற்க இடமிருக்காது. 1981-இல் நாஷ்வில்லில் உருவான 'ஜேசன் அண்ட் த ஸ்கார்ச்சர்ஸ்' குழு இதை நன்கு அறிந்திருந்தது. அதன் கிட்டார் கலைஞர் வார்னர் ஹாட்ஜஸின் பெற்றோரே கண்ட்ரி இசைக் கலைஞர்கள் என்பதால், அவருடைய கை எவ்வளவு வெறியுடன் ஓடினாலும் மெட்டு சிதையவில்லை.

கொடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1861 முதல் 1865 வரை அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடியை வெறும் கலகச் சின்னமாகக் கருதிச் சட்டையிலும் சுவரொட்டியிலும் அச்சிடுவது மன்னிக்கத்தக்க அறியாமை அன்று. புளோரிடாவில் பிறந்த டாம் பெட்டி, 1985 சுற்றுப்பயணத்தில் அதைப் பயன்படுத்தியதற்காக 2015-இல் வெளிப்படையாக வருந்தினார். அதேபோல், சதர்ன் ராக் வெள்ளையர்களின் இசை மட்டுமே என்று எழுதுவதும் தவறு: 1969-இல் உருவான 'ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட்' குழுவின் இரு டிரம்மர்களில் ஒருவரான ஜெய்மோ கறுப்பினத்தவர், அந்தக் குழுவின் இசைக்கு அடித்தளமே அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய ப்ளூஸ்தான்.

மூன்று பாணிகளையும் ஒவ்வொரு பாடலிலும் திணித்தாக வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். ஹாங்க் III தம் கச்சேரிகளை முதலில் கண்ட்ரி, பிறகு கண்ட்ரியும் பங்கும் கலந்த 'ஹெல்பில்லி', இறுதியில் மெட்டல் என்று பகுதி பகுதியாக அமைத்தார். கண்ட்ரி கேட்க வந்தவர் கடைசிவரை நின்றால், எது எதிலிருந்து வளர்ந்தது என்பதை ஒரே இரவில் காதால் உணரலாம். எல்லாவற்றையும் ஒன்றாகவே கேட்க விரும்புபவர்கள் அவர் 2011-இல் வெளியிட்ட '3 பார் ராஞ்ச் கேட்டில் காலின்' ஆல்பத்தைத் தேடிக் கேட்க வேண்டும். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுபவர்கள் மூச்சு விடாமல் விலையை அடுக்கிச் சொல்லும் குரல்களை, அவற்றின் வேகத்துக்கு ஈடாக ஓடும் மெட்டல் டிரம்ஸோடு அதில் சேர்த்திருக்கிறார். அந்த ஏலக்காரர்களின் நாக்கில் மெட்டலுக்குரிய வேகம் ஏற்கெனவே இருந்தது. அதை அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.