கெட்டுப்போன சாப்பாடு: தமிழ்நாட்டில் யாரிடம் புகார் செய்வது?

பார்சல் சிக்கன் நாற்றமடித்தால் இன்னமும் பலர் மாநகராட்சிக்குத்தான் போன் போடுகிறார்கள். குப்பை, சாக்கடை, தொழில் உரிமம் என்றால் அங்கே போகலாம். உணவின் தரம் என்றால், 2011 ஆகஸ்டில் உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அது மாநில உணவு பாதுகாப்புத் துறையின் வேலை. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே உணவு பாதுகாப்பு அலுவலர்கள்.

படி 1: பில், பாக்கெட், மிச்ச உணவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் தெரியும்படி போட்டோ எடுங்கள்.

படி 2: பாக்கெட்டிலோ பில்லிலோ இருக்கும் 14 இலக்க உணவு உரிம (அல்லது பதிவு) எண்ணைப் பாருங்கள். பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு கடைகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலம், நமக்கு 24. ஆக 124, 224 என்று தொடங்கினால் நம் மாவட்ட அலுவலரின் கையில் இருக்கிறது. 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம், அதைக் கொடுத்தது மத்திய அரசின் உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ. ஒரே பாக்கெட்டில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். தயாரித்தவர் ஒருவர், விற்பனை செய்பவர் இன்னொருவர். எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். எண் உண்மைதானா என்று எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் உரிமத் தளமான ஃபாஸ்காஸில் (FoSCoS) தேடிப் பார்க்கலாம்.

படி 3: மாநிலத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. ஆப்பும் இருக்கிறது, ஆனால் என் ஓட்டு வாட்ஸ்அப்புக்குத்தான். அனுப்பியதற்கு நம் கையில் தேதியோடு ஆதாரம் நிற்கும். கடையின் முழு முகவரி, வாங்கிய நேரம், என்ன கோளாறு, இவ்வளவு போதும். கோபத்தையெல்லாம் கொட்ட வேண்டாம். மத்திய உரிமம் என்றால் ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்.

படி 4: காத்திருங்கள். பிரித்துத் தின்ற மிச்சத்தை விட, கடையில் இருக்கும் சரக்கிலிருந்துதான் அலுவலர் பெரும்பாலும் மாதிரி எடுப்பார். அதை நான்கு பாகமாகப் பிரித்து சீல் வைப்பார். ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். கிடைத்த 14 நாளுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டையில் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன.

நாமே பணம் கட்டிப் பரிசோதிக்கவும் சட்டத்தின் 40-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் வந்தால் இந்த வழி உதவாது. குறை நிரூபணமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் ரயில் நிலைய ஸ்டால் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ரயில்வேக்குத் தனி அலுவலர்கள் உண்டு, 139-க்குப் பேசுங்கள். எடை குறைவு, எம்ஆர்பிக்கு மேல் விலை என்றால் தொழிலாளர் துறை. நஷ்டஈடு வேண்டுமென்றால் உணவு பாதுகாப்புத் துறை வாங்கித் தராது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாக மனு போட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.