கொடைக்கானல் உறைபனி: வெள்ளையை வெள்ளையாகவே எடுப்பது எப்படி?

மதுரையில் பனி என்றால் மார்கழிக் காலையில் யானைமலையை மறைக்கும் மூட்டம்தான். புல்லின் மேல் உப்புத் தூவியது போல் படிந்து கிடக்கும் உறைபனியைப் பார்க்க, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலை ஏற வேண்டும். முதல் முறை நான் போய் எடுத்த அறுபது படங்களில் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. எல்லாமே அடுப்புச் சாம்பலைப் பரப்பியது போல இருந்தன. அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது.

முதலில் இடம். டிசம்பர் கடைசி, ஜனவரி மாதங்களில், வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுக்கு மறுநாள் காலை போங்கள். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதனால் காட்சிமுனைகளை விட்டுவிட்டு, ஏரியை ஒட்டிய ஜிம்கானா பகுதி, பாம்பார்புரம் போன்ற தாழ்வான புல்வெளிகளைத் தேடுங்கள். 6 மணிக்கே அங்கே இருக்க வேண்டும். வெயில் பட்டதும் பனி கரையத் தொடங்கிவிடும். எடுக்கப்போகும் புல்வெளியில் முன்கூட்டியே நடந்துவிடாதீர்கள், கால்தடம் அப்படியே பதியும்.

இப்போது என்னைக் கவிழ்த்த விஷயம். கேமராவின் மீட்டருக்கு வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்து வெளிச்சத்தை அளக்கும். வெள்ளைப் புல்வெளியைக் காட்டினால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று தானே குறைத்துவிடும். ஆகவே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பு) நாம்தான் ஏற்ற வேண்டும். படத்தில் பாதி பனி என்றால் +1, முழுக்கப் பனி என்றால் +1.7 வரை போகலாம். ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம், வலப்பக்கச் சுவரை நெருங்கட்டும், ஆனால் முட்டக் கூடாது. போனில் எடுப்பவர்கள் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே இழுத்தால் போதும்.

மலைக்குப் போகும் முன் மதுரையிலேயே பழகிவிடுங்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் குவித்த மல்லி இதற்கு அருமையான பாடம். மார்கழி, தையில் மல்லி வரத்து குறைந்துவிடும் என்பதால், மொட்டைமாடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து 0, +1, +1.7 என்று மூன்று படம் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் அறையும்.

வெயில் வந்ததும் சூரியனை முதுகுக்கு வைக்காமல் பக்கவாட்டில் வைத்துக் குனியுங்கள். ஒவ்வொரு புல் நுனியிலும் பனி ஊசி ஊசியாக நிற்பது அப்போதுதான் தெரியும்.

எடிட்டிங்குக்கு ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்ததை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) கட்டாயம். கணினியில் டார்க்டேபிள், போனில் ஸ்னாப்சீட், இரண்டும் இலவசம். எனக்கு டார்க்டேபிள்தான் பிடிக்கும், பழக மட்டும் ஒரு வாரம் ஆகும். முதலில் வெளிச்சம், பிறகு ஒயிட் பேலன்ஸ், அதாவது படத்தின் நீல, மஞ்சள் சாயலைச் சரிசெய்வது. இங்கே அவசரப்படாதீர்கள். நிழலில் கிடக்கும் பனி கொஞ்சம் நீலமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதன் மேல் விழுவது வானத்தின் ஒளி. அந்த நீலத்தை முழுக்கத் துடைத்தால் குளிரே போய்விடும். வெயில் பட்ட பனியை வெள்ளையாக்குங்கள், நிழலை அப்படியே விடுங்கள். நுணுக்கங்களை எடுப்பாகக் காட்டும் கிளாரிட்டியைக் கூட்டினால் புல் கம்பி போல ஆகிவிடும், நான் 10-க்கு மேல் போவதில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன சிலர், அறைக்குத் திரும்பியதும் லென்ஸில் நீர் கோத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். குளிர்ந்த கண்ணாடியில் அறையின் வெதுவெதுப்பான காற்று பட்டால் அப்படித்தான் ஆகும். வெளியில் நிற்கும்போதே கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். அறைக்குள் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். மெமரி கார்டை மட்டும் முன்னாலேயே கழற்றி வைத்துக்கொண்டால், டீ குடித்தபடியே படங்களைப் பார்த்துவிடலாம்.